கார் பெயின்டுக்கு சீலன்ட்: பெங்களூரு வெயில், மழை, போர்வெல் தண்ணீருக்கு நடுவே நாமே பூசிக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

இருட்டிய பிறகு உங்கள் காரின் பானெட்டுக்கு நேராக மொபைல் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சத்தைச் சுற்றி, சிலந்தி வலை மாதிரி, வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரிகின்றனவா? என் அடர்நீல ஹேட்ச்பேக்கில் இதை முதல்முறை பார்த்தபோது வண்டி வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கும் இடிக்கவில்லை, உரசவில்லை. ராமமூர்த்தி நகரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் தினமும் விடியற்காலை ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு பழைய துணியும் நாற்பது கார்களைச் சுற்றி வருகின்றன. முதல் காரில் எடுத்த மண் கடைசிக் கார்வரை பயணம் செய்கிறது. என்னுடையது முப்பத்தைந்தாவதோ என்னவோ.

சீலன்ட் பூசுவது பற்றி எழுத வந்துவிட்டு துணியைப் பற்றி ஆரம்பிக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். பூசும் வேலை ஒரு மணி நேரம்தான். அதற்கு முன்னால் பெயின்டை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தோம், பூசிய பிறகு யார் கையில் விட்டோம் என்பதில்தான் மொத்தப் பலனும் இருக்கிறது. விலை உயர்ந்த பாட்டில் வாங்கிவிட்டு இந்த இரண்டையும் கோட்டைவிட்டவர்களில் நானும் ஒருவன்.

எதைக் காப்பாற்றுகிறோம்?

காரின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு படலம் இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பும் இதனால்தான், வெயிலில் நிறம் வெளுக்காமல் இருப்பதும் இதனால்தான். அதன் தடிமன் பெரும்பாலான கார்களில் 30 முதல் 50 மைக்ரான். நாம் பிரின்ட் எடுக்கும் ஏ4 தாள் சுமார் 100 மைக்ரான் இருக்கும். அதாவது பாதித் தாள்கூடத் தேறாது. ஒவ்வொரு முறை ரப்பிங் பாலிஷ் போடும்போதும் இதிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுக்கிறோம். போனது போனதுதான்.

சீலன்ட் என்பது இந்தப் படலத்தின் மேல் நாம் போடும் இன்னொரு மெல்லிய பாலிமர் பூச்சு. ஒரு மைக்ரானுக்கும் குறைவானது. அதனால் கல் தெறித்தால் தடுக்காது. பார்க்கிங்கில் யாரோ சாவியால் கோடு போட்டால் தடுக்காது. பறவை எச்சம், மரப்பிசின், உப்புத் தண்ணீர், தார்த் துளி, வெயில் ஆகியவை கிளியர் கோட்டில் நேரடியாக இறங்காமல் நமக்கு அவகாசம் வாங்கித் தரும். அழுக்கும் ஒட்டாமல் சீக்கிரம் கழுவிப் போகும். அதைக் கழுவ அழுத்தித் தேய்க்க வேண்டியதில்லை. தேய்ப்பு குறைந்தால் கீறலும் குறையும்.

எதை வாங்குவது?

கடையில் போய் "பாலிஷ் கொடுங்க" என்று கேட்டால் நான்கு விதமான சாமான்களைக் காட்டுவார்கள். நம் பேச்சில் எல்லாமே பாலிஷ்தான். ஆனால் பாலிஷ் என்பது சுரண்டுகிற சாமான். வேக்ஸும் சீலன்டும் பூசுகிற சாமான்கள். பாட்டிலில் காம்பவுண்ட், கட், ஸ்கிராட்ச் ரிமூவர் என்று போட்டிருந்தால் அது சுரண்டும் ரகம்.

இயற்கை வேக்ஸ் பிரேசில் நாட்டு கார்னாபா பனையின் ஓலையில் இருந்து எடுக்கும் மெழுகு. அடர் நிறக் கார்களில் அழகு அள்ளும். ஆனால் நம் ஊர் வெயிலில் ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை காரோடு பொழுதைக் கழிப்பதே சுகம் என்பவர்களுக்கு அது சரி.

செராமிக் கோட்டிங் இன்னொரு எல்லை. சிலிக்கா அடிப்படையிலானது, ஒழுங்காகப் போட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பணம் ஆயிரங்களில் தொடங்காது, பத்தாயிரங்களில் தொடங்கும். அதில் பெரும்பகுதி, பூசுவதற்கு முன் மெஷினால் பெயின்டைச் சரிசெய்யும் கூலி. வீட்டில் போட்டுத் தவறினால் மேடாக உறைந்த இடங்களை மறுபடி மெஷின் வைத்துத்தான் எடுக்க வேண்டும். விளம்பரத்தில் வரும் "9 ஹெச் கடினம்" என்பது பென்சில் அளவுகோல். பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனை. சாலை மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் பென்சிலைவிட எவ்வளவோ கடினம், அதற்கு இந்த 9 ஹெச் தெரியாது.

கார் டெலிவரி எடுக்கும்போது ஷோரூமில் நான்ஸ்டிக் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி ஒரு கோட்டிங் விற்பார்களே, அதையும் சொல்லிவிட வேண்டும். பாத்திரத்தில் இருக்கும் பிடிஎஃப்இ என்ற பாலிமர் உருகவே 327 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டில் கார் பெயின்ட் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் பணம் கட்டினேன். மூன்றாவது மாதம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது பானெட்டில் அது பாய் விரித்த மாதிரி படர்ந்து நின்றது. அந்தப் பணத்தில் நல்ல சீலன்ட் நாலைந்து பாட்டில் வாங்கியிருக்கலாம்.

எனவே வேலைக்குப் போகிற, ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடிகிற மனிதருக்கு செயற்கை பாலிமர் சீலன்ட்தான் என் கட்சி. நான்கு முதல் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். இதிலும் இரண்டு ரகம். ஒன்று, மென்சர்னா பவர் லாக் மாதிரியான திரவம் அல்லது கிரீம். பஞ்சால் பூசி, காயவிட்டு, துடைத்து எடுக்க வேண்டும். இன்னொன்று, டர்ட்டில் வேக்ஸ், மெகுவையர்ஸ் போன்றவர்கள் விற்கும் செராமிக் கலந்த ஸ்பிரே; அடித்த உடனே துடைக்க வேண்டும். ஸ்பிரே சுலபம், ஆயுள் பெரும்பாலும் குறைவு. நான் முதல் ரகத்தை அடித்தளமாகவும், நடுவில் ஒருமுறை ஸ்பிரேயை மேல்பூச்சாகவும் வைத்துக்கொள்கிறேன். இரண்டு ரகத்தின் துடைக்கும் முறையும் நேர் எதிர் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஸ்பிரேயைக் காயவிட்டால் கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும்.

மேட் பெயின்ட் கார் வைத்திருப்பவர்கள் இதில் எதையும் தொட வேண்டாம். அதற்கென்று தனிச் சாமான் இருக்கிறது. புதுக் காருக்குக் காத்திருக்கத் தேவையில்லை, தொழிற்சாலையிலேயே அடுப்பில் வைத்துச் சுட்ட பெயின்ட் அது. ஆனால் இடித்து, ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் அடித்த கதவோ பம்பரோ இருந்தால் அந்த இடத்தை மட்டும் இரண்டு மாதம் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் தின்னர் ஆவி வெளியேற வேண்டும்.

எப்போது?

பெங்களூரில் மழை மே மாதத்தில் ஒருமுறை உச்சத்துக்குப் போகும், செப்டம்பர், அக்டோபரில் இன்னொருமுறை. நான் மார்ச் கடைசியில் ஒன்று, நவம்பர் கடைசியில் ஒன்று என்று வைத்திருக்கிறேன். நடுவில் ஆகஸ்டில் மழை விட்ட ஒரு நாளில் ஸ்பிரே. பெயின்ட் கையில் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். வெயிலில் நின்ற பானெட்டில் போட்டால் சீலன்ட் பரவுவதற்குள் காய்ந்துவிடும். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் மதியத்துக்குள் முடியும். பேஸ்மென்ட் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் தலைக்கு மேலே பாருங்கள். பல அடுக்ககங்களில் மேல்தளக் கான்கிரீட் கசிந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டும். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பெயின்டைக் கடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கறையை அசைப்பது பெரும்பாடு.

வாங்க வேண்டியவை

பிஹெச் சமநிலை உள்ள கார் ஷாம்பு, கழுவ ஒரு மைக்ரோஃபைபர் கையுறை, துடைக்க 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 350 கிராம் எடை) அளவில் ஐந்தாறு மைக்ரோஃபைபர் துணிகள், ஒரு பெரிய உலர்த்தும் துண்டு, இரண்டு பக்கெட், இரும்புத் துகளைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கிளே பார், பஞ்சு அப்ளிகேட்டர் இரண்டு, பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப். ஜே.சி. ரோடு பக்கம் ஒரு சுற்று சுற்றினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். எண்ணெய்ப் பசை எடுக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலுக்கு எஸ்.பி. ரோடு. சர்க்யூட் போர்டு துடைக்க அங்கே விற்கிறார்கள். வீட்டில் மீந்த கொரோனா காலத்து சானிடைசரை ஊற்றலாமே என்று தோன்றும். வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், பெயின்டில் பசையாகப் படியும்.

படி 1: கழுவுதல்

2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். எனவே ஹோஸ் குழாயை மறந்துவிடுங்கள். இரண்டு பக்கெட் போதும். ஒன்றில் ஷாம்பு தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் ஒரு குவளையால் மேலிருந்து ஊற்றி மண்ணை இறக்குங்கள். அப்புறம் கையுறையை ஷாம்புவில் முக்கி ஒரு பகுதியைக் கழுவி, வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, மறுபடி ஷாம்புவில் முக்குங்கள். கூரையில் ஆரம்பித்துக் கதவின் அடிப்பகுதியில் முடியுங்கள். சக்கரத்துக்கு வேறு துணி.

தண்ணீரில்தான் விஷயம் இருக்கிறது. போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் உப்பு. காய்ந்தால் வட்ட வட்டமாக வெள்ளைக் கறை. சீலன்ட் போட்ட கார் என்றால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், ஒவ்வொரு முத்தும் தன் உப்பை ஒரே இடத்தில் விட்டுவிட்டு ஆவியாகும். அதனால் கழுவியதும் காற்றில் காயவிடவே கூடாது, உடனே துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். வீட்டில் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கார் கழுவுகிறவர்கள் அதிகம். முதல் அலசலுக்குச் சரி. கடைசி அலசலுக்கு அது ஆகாது, வடிகட்டியில் விலக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. கடைசியாக ஊற்ற ஒரு பக்கெட் காவிரித் தண்ணீரோ, மொட்டை மாடியில் பிடித்த மழைநீரோ கிடைத்தால் அதுவே சொர்க்கம்.

ஏற்கெனவே உப்புக் கறை இருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் கறை மேல் போட்டுத் துடைத்து, நன்றாக அலசிவிடுங்கள். இது பழைய பூச்சையும் கொஞ்சம் கரைக்கும். புதிதாகப் போடப் போகிறோம், பரவாயில்லை.

படி 2: இரும்புத் துகள்

பிரேக்கில் இருந்து பறக்கும் இரும்புப் பொடி பெயின்டில் குத்தி நிற்கும். ரயில் பாதை ஓரமாகவோ, மெட்ரோ வேலை நடக்கும் சாலையிலோ நிறுத்துகிறவர்களுக்கு இன்னும் அதிகம். அயர்ன் ரிமூவரை அடித்தால் சில நிமிடங்களில் ஊதா நிறமாக வழியும். அழுகிய முட்டை நாற்றம் வரும், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். காய்வதற்குள் அலசிவிட வேண்டும். வெள்ளைக் காரில் பார்க்க வேண்டிய காட்சி இது.

படி 3: கிளே பார்

ரொட்டி சுற்றி வரும் மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு, கழுவிய பானெட்டில் விரலை ஓட்டிப் பாருங்கள். வெறுங்கையில் வழவழ என்று இருந்த இடம் கவர் வழியாக ரவை கொட்டிய மாதிரி தட்டுப்படும். கழுவியும் போகாத பிசினும், தாரும், பெயின்ட் தூசும் அவை. இவற்றின் மேல் சீலன்ட் போட்டால் சீலன்ட் பெயின்டில் பிடிக்காது, அழுக்கில்தான் பிடிக்கும்.

கிளே கட்டியில் கால்வாசியைக் கிள்ளி, பூரிக்குத் தட்டுகிற அளவுக்கு உள்ளங்கையில் தட்டையாக்குங்கள். ஷாம்பு தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் சொட்டச் சொட்ட அடியுங்கள். கிளேயை அழுத்தாமல், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் சரசரவென்று ஒரு சத்தமும் இழுவையும் இருக்கும். நாலைந்து தடவை ஓட்டிய பிறகு சத்தம் அடங்கி, கை தானாக வழுக்கும். அப்போது அடுத்த இடம். கிளேயைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பாக இருக்கும். மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டு வாருங்கள். உலர்ந்த பெயின்டில் மட்டும் ஓட்டிவிடாதீர்கள். கீழே விழுந்தால் அந்தத் துண்டை அப்படியே குப்பையில் போடுங்கள். எடுத்து ஊதிவிட்டு மறுபடி தேய்க்கும் ஆசை வரும், எனக்கும் வந்தது. டிக்கியில் இன்னும் அந்தக் கோடு இருக்கிறது.

படி 4: பாலிஷ், தேவையென்றால் மட்டும்

டார்ச் வெளிச்சத்தில் தெரியும் வட்டக் கீறல்களை சீலன்ட் மறைக்காது, உள்ளே வைத்துப் பூட்டும். மென்மையான ஃபினிஷிங் பாலிஷைக் கையால் போட்டால் கொஞ்சம் மங்கும். முழுதாகப் போக மெஷின் வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அதை ஒரு நல்ல டீட்டெய்லிங் கடையில் விட்டுவிடலாம். நகத்தை ஓட்டினால் மாட்டுகிற கீறலை யாரும் பாலிஷால் எடுக்க முயல வேண்டாம். அதை எடுக்கும்போது கிளியர் கோட்டும் சேர்ந்து போய்விடும். தினமும் ஓட்டுகிற கார் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போவதில் வெட்கமில்லை.

படி 5: எண்ணெய்ப் பசை நீக்குதல்

ஒரு பங்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், நான்கு பங்கு டிஸ்டில்ட் வாட்டர். பேட்டரிக்கு ஊற்ற பெட்ரோல் பங்கில் விற்கும் அதே தண்ணீர். துணியில் அடித்துப் பகுதி பகுதியாகத் துடையுங்கள். பாலிஷின் எண்ணெயும் பழைய வேக்ஸின் மிச்சமும் போய்விடும். பெயின்ட் கொஞ்சம் சோகையாகத் தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும்.

படி 6: பூசுதல்

முதலில் கறுப்பு பிளாஸ்டிக் ஓரங்களிலும் ரப்பர் பட்டையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சீலன்ட் அங்கே பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் படியும். பட்டுவிட்டால் குழந்தையின் பென்சில் அழிப்பானால் தேய்த்துப் பாருங்கள், வந்துவிடும். முன் கண்ணாடியில் பூச வேண்டாம், வைப்பர் கிறீச்சிடும்.

பாட்டிலை நன்றாகக் குலுக்கி, அப்ளிகேட்டரில் நான்கு சொட்டு. நான்கே நான்கு. பாதி பானெட்டுக்கு அது போதும். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: கல் மினுங்க வேண்டும், எண்ணெய் தேங்கக் கூடாது. முதலில் நீளவாக்கில், அப்புறம் குறுக்குவாக்கில், இடைவெளி விழாமல். பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி போல லேசான மங்கல் தெரிய வேண்டும். வெள்ளையாகப் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள். மிகுதி எல்லாம் துணியில்தான் போய்ச் சேரும், பெயின்டில் கூடுதலாகப் பிடிக்காது. முழுக் காருக்கு ஒரு சுற்றில் 20 மில்லி செலவானால் கணக்கு சரி.

கூரை, பானெட், டிக்கி, கதவுகள், கடைசியில் பம்பர் என்று முழுக் காரையும் பூசிவிடுங்கள். திரவ ரகங்களுக்கு இருபது முப்பது நிமிடம் காய வேண்டியிருக்கும்; லேபிளில் சொன்னதே வேதம். காய்ந்ததா என்று பார்க்க, முதலில் பூசிய இடத்தில் சுத்தமான விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு பளிச்சென்று வந்தால் துடைக்கலாம். விரலில் ஈஷிக்கொண்டு வந்தால் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். மழை ஈரம் இருக்கும் நாளில் எங்கள் பேஸ்மென்டில் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கிறது.

துடைக்கும் துணியை நான்காக மடியுங்கள், எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு பக்கம் நிறைந்ததும் திருப்புங்கள். முதல் துணி படிவை எடுக்கும், இரண்டாவது துணி மினுக்கும். அழுத்தம் வேண்டாம், துணியின் எடையே போதும். முடிந்ததும் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து விட்டுப்போன திட்டுகளைத் தேடுங்கள். கதவுக் கைப்பிடியின் அடியிலும் நம்பர் பிளேட்டைச் சுற்றியும் கட்டாயம் ஏதாவது ஒளிந்திருக்கும்.

அடுத்த 12 முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. மறுநாள் காலை அதே முறையில் இரண்டாவது சுற்று. முதல் சுற்றில் விட்ட இடங்களை இது பிடித்துவிடும். மூன்றாவது சுற்றால் பெரிய லாபம் எதையும் நான் பார்க்கவில்லை.

அப்புறம்?

மறுநாள் விடியற்காலையே கார் துடைக்கும் தம்பியைப் போய்ப் பார்த்தேன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன்.

"தம்பி, இனிமே பாடியைத் தொட வேண்டாம். கண்ணாடி மட்டும் துடைச்சா போதும்."

"அப்போ மாசக் காசு, சார்?"

"காசு அதேதான்."

அவர் நம்பவில்லை. "துடைக்கலைன்னு சூப்பர்வைசர் பார்த்தா என்னைத்தான் கேப்பாரு, சார்" என்றார். நியாயம்தான். ஒரு தாளில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்தார். அதற்குள் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் அதே மாதிரி தாள் கொடுத்துவிட்டார்கள்.

தூசி படிந்த கார் பார்க்க நன்றாக இருக்காதுதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு பக்கெட் கழுவல், அவ்வளவே. பறவை எச்சம் மட்டும் காத்திருக்காது. அதில் யூரிக் அமிலம் இருக்கிறது, சூடான பெயின்டில் சில மணி நேரத்திலேயே இறங்கும். தண்ணீரில் நனைத்த துணியை அதன் மேல் ஐந்து நிமிடம் போட்டு ஊறவிட்டு, தேய்க்காமல் தூக்கி எடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கும் இதே வைத்தியம். நிழலுக்கு ஆசைப்பட்டு நிறுத்தினால் சாயங்காலம் கூரையெல்லாம் பிசுபிசு என்றிருக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தை ஷாம்புவாக்க வேண்டாம். மைக்ரோஃபைபர் துணிகளைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் கம்ஃபர்ட் வகையறாக்களை ஊற்ற வேண்டாம், இழை அடைந்துபோகும்.

பூச்சு போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, நன்றாகக் கழுவிய பிறகு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கழுவாமல் பார்த்தால் அழுக்கே ஏமாற்றும். முத்தாகத் திரண்டு உருண்டால் இருக்கிறது. பாயாகப் படர்ந்தால் போய்விட்டது. கதவின் கீழ்ப்பகுதியில் முதலில் போகும், கூரையில் கடைசியாகப் போகும். கீழே மட்டும் போயிருந்தால் கீழே மட்டும் போட்டாலும் குற்றமில்லை.

பூசிய தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதி பாட்டிலின் அடியில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஞாபகம் இருக்காது. என் அரை லிட்டர் பாட்டிலின் அடியில் இப்போது நான்கு தேதிகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் இன்னும் மிச்சம்.